வண்டி சொன்னால் சரி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த டைரியில் மைக்செட் புக்கிங் தவிர வேறு எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இந்தத் தடவை எழுதுகிறேன். ஒரு வேலையை முறையாகச் செய்யப்போகிறேன், செய்ததை முறையாகக் குறித்தும் வைக்கப்போகிறேன். வேலை என் பைக்கின் வயரிங்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மணப்பாறையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மருதமுத்து வண்டி சொன்னால் சரியாக இருக்கும் என்று. நானும் என் பெண்டாட்டி இந்திராணியும் ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்புவோம். அது நமக்கு ஆகாத காரியம் என்றால் வண்டி வழியிலேயே நின்றுவிடும். செல்ஃப் அடித்தாலும் கிளம்பாது, உதைத்தாலும் கிளம்பாது. சரி, வேண்டாம் என்று வீட்டுப் பக்கம் திருப்பினால் ஒரே உதையில் கிளம்பிவிடும். எதிர்வீட்டுக்காரர் ஒரு மனை வாங்குவதற்கு முன்னால், வண்டியைக் கொடு, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். நான் கொடுக்கவில்லை. அது நம் வீட்டுக்கு மட்டும் சொல்கிற வண்டி.

நான் தனியாகப் போகும்போது ஒரு நாளும் நின்றதில்லை. தனியாகப் போவதெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஆம்ப்ளிஃபயர் எடுத்துவருவது போன்ற சில்லறை வேலை. அதற்கெல்லாம் அது வாய் திறக்காது. நல்ல காரியம் என்றால் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதற்குத்தான் அது பேசும்.

போன மாதமும் பேசியது. வையம்பட்டியில் சங்கவிக்கு ஒரு வரன். சங்கவி எங்கள் ஒரே மகள், திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறாள். பையன் வீட்டில் அரிசி மில். தரகர் பிச்சைமுத்து கொண்டுவந்தது. பேசி முடிக்கலாம் என்று கிளம்பினோம், பாதி வழியில் வண்டி நின்றது, திரும்பிவிட்டோம். ஆனால் தரகர் விடவில்லை. வீட்டுக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "வயருங்கிற பேர்ல இந்தச் சுத்து சுத்தி வச்சிருக்கீங்க. இது நிக்காம என்ன செய்யும்? இதப் போயி சகுனம்ங்கிறீங்க" என்றார். ஒரு மைக்செட்காரனைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த முடிவு. வயரிங் முழுவதையும் பிரித்து ஒழுங்காகப் போடுவது. அதற்கு மேலும் நின்றால் அது கலப்படமில்லாத சகுனம், ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. நிற்காவிட்டால் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை வையம்பட்டி போய்ப் பேசி முடித்துவிட்டு வருவது.

இந்திராணியிடம் சொன்னேன். "இப்ப எதுக்குங்க அதப் பிரிக்கிறீங்க? நல்லாத்தான ஓடுது" என்றாள். "போன மாசம் நின்னுச்சே" என்றேன். மாவு கரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டேங்கைக் கழற்றினேன். உள்ளே ஒரே வயர்க் காடு. எல்லாம் என் கைவேலைதான். பனி விளக்கு இரண்டு, லாரி ஹாரன், போன் சார்ஜர், பிரேக் பிடித்தால் மின்னும் கலர் விளக்கு, விளம்பரம் சொல்ல ஒரு சின்னக் குழாய் ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடம் மாட்டியது. ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர், அதன் மேல் டேப், டேப்பின் மேல் இன்னொரு டேப். வெயிலில் பசை இளகிக் கை முழுவதும் கறுப்பு. ஃபியூஸ் ஒன்றுகூட இல்லை. கல்யாண மண்டபத்தில் யாராவது இப்படி வயர் இழுத்திருந்தால் அங்கேயே வைத்துத் திட்டியிருப்பேன்.

பனி விளக்கு வயர் டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு தெரிகிறது. ஃபிரேமில் கருகிய தடம். எப்போதோ ஒரு நாள் உரசியிருக்கிறது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

சாயங்காலம் சங்கவி பேசினாள். மாப்பிள்ளை போட்டோ பார்த்தாயா என்று கேட்டேன். போன வாரமே அனுப்பியிருந்தேன், பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது, பதில் மட்டும் வரவில்லை. "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். வெட்கம். இந்திராணி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள், வெகுநேரம் வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மழை. ரிலே, ஃபியூஸ் பெட்டி, வயருக்குப் போர்த்த ஸ்லீவ் வாங்கி வந்ததோடு சரி.

ஆகஸ்ட் 21, வியாழன்

பழைய வயர் எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். தரையில் ஒரு கூடை தேறும். இனி பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த வயர், ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு, அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக. சாவியை அணைத்தால் எல்லாம் அணைய வேண்டும். பேப்பரில் வரைந்து வைத்துக்கொண்டு செய்தேன். நானே மெச்சிக்கொள்ளும்படி இருந்தது.

அப்போதுதான் இன்னொரு வயர் கண்ணில் பட்டது. எஞ்சினுக்குக் கரண்ட் போகிற லைனை நடுவில் வெட்டி, அதிலிருந்து இரண்டு கறுப்பு வயர் பின்பக்கமாக ஓடுகிறது. என் கைவேலை இல்லை. நான் முறுக்கி டேப் சுற்றுகிறவன், இது ஈயம் வைத்து ஒட்டி ஸ்லீவ் போட்ட வேலை. சீட்டைக் கழற்றி அதன் பின்னாலேயே போனேன். பின்சீட்டின் இடது ஓரம், பிடித்துக்கொள்ளும் கம்பிக்குப் பக்கத்தில், ஸ்பாஞ்சைக் குடைந்து ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு சின்ன சுவிட்ச். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. விரல் போனால் மட்டும் தட்டுப்படும்.

வண்டியை ஸ்டார்ட் செய்து சுவிட்சைத் தட்டினேன். எஞ்சின் நின்றது. செல்ஃப் அடித்தேன், கிளம்பவில்லை. சுவிட்சை மாற்றித் தட்டினேன். ஒரே உதையில் கிளம்பியது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

திருட்டுக்குப் பயந்து மெக்கானிக் சகாயம் போட்டிருப்பான். என்னிடம் சொல்ல மறந்திருப்பான். இந்திராணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் சீட்டை மாட்டிவிட்டேன். ஏன் அப்படி அவசரப்பட்டேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சகாயம் கடைக்குப் போனேன். அவன் ஒரு ஸ்கூட்டரின் அடியில் படுத்திருந்தான்.

"என் வண்டியில சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்சு இருக்கேடா."

"ஆமாண்ணே, நான் போட்டதுதான். இன்னுமா வேலை செய்யுது?"

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

எழுந்து உட்கார்ந்தான். "அக்கா சொல்லித்தானண்ணே போட்டேன். ஊர்ல வண்டி திருடு போகுது, ரகசியமா ஒரு சுவிட்சு வேணும்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எப்ப?"

"சங்கவி பாப்பா ஏழாவதோ எட்டாவதோ படிக்கயில."

"பின்சீட்டுல எதுக்குடா போட்ட?"

"அங்கதான் வேணும்னாங்க. திருடன் முன்னாடிதான தேடுவான்னாங்க. நல்ல யோசனையாத்தான இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஏதும் தப்பாப் போச்சா?" என்றான்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பாதி தூரம் நடந்து வந்தது அப்புறம்தான் உறைத்தது. திரும்பப் போய் எடுத்துவந்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

இந்திராணி சோறு பரிமாறினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வண்டி நின்ற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் பின்னால் உட்கார்ந்திருந்தது ஒரே ஆள். இத்தனை வருடமாக இது என் மண்டையில் ஏறவில்லை. என்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஜில்லாவில் இருக்க முடியாது.

முதல் தடவை திருப்பூர் காரியம். பெரியப்பா மகன் பனியன் கம்பெனியில் கூட்டுச் சேரக் கூப்பிட்டான். மைக்செட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. சம்மதம் சொல்லக் கிளம்பினோம், பஸ் ஸ்டாண்டு தாண்டவில்லை, வண்டி நின்றது. அடுத்த வருடம் அந்தக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. அன்றைக்குத்தான் வண்டிக்கு முதல் தடவையாக மாலை போட்டேன்.

அடுத்தது சங்கவி பத்தாவது முடித்த சமயம். படித்தது போதும், திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் விட்டுத் தையல் பழக்கலாம் என்று பேசிவரக் கிளம்பினோம். நின்றது. சரி, வண்டியே படிக்கட்டும் என்கிறது என்று பதினொன்றாவதில் சேர்த்தேன்.

அப்புறம் என் தங்கை தனலட்சுமி தோகைமலையில் வீடு கட்டிக் குடிபோனது. அதற்குப் போகும்போதும் நின்றது. திரும்பிவிட்டேன். அண்ணன் சீர் வராமல் அவள் எல்லார் முன்னாலும் நின்றிருக்கிறாள். மூன்று வருடமாக என்னோடு பேச்சில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். திருப்பூரையும் திண்டுக்கல்லையும்கூட விட்டுவிடலாம். இதை இந்திராணி எப்படிச் செய்தாள்? நினைக்க நினைக்க உடம்பு எரிகிறது.

அவள் வேண்டாம் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுத வந்தேன். எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. சொல்லியிருக்கிறாள். திருப்பூர் வேண்டாம் என்று இரண்டு நாள் அழுதாள். நான் ஆம்ப்ளிஃபயரைச் சோதிக்கிறேன் என்று சத்தமாகப் பாட்டு வைத்தேன். திண்டுக்கல் சமயத்தில் என்ன சொன்னாள் என்பது நினைவில் இல்லை. என்னவோ சொன்னாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் ஆமாம் என்பாள், இல்லை என்பாள். கேட்கப் போனவன் டேங்கைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் லைனை நேராகச் சேர்த்து ஒட்டினேன். சுவிட்சுக்குப் போன இரண்டு வயரையும் வெட்டி முனையை மூடிவிட்டேன். சுவிட்சை மட்டும் எடுக்கவில்லை. அது அதே பள்ளத்தில் அப்படியே இருக்கிறது. தட்டினால் தட்டுப்படும், ஆனால் அதற்கும் எஞ்சினுக்கும் இனிமேல் ஒட்டுமில்லை உறவுமில்லை. வெள்ளிக்கிழமை பார்க்கலாம், அவள் என்ன செய்கிறாள் என்று.

கோபத்தில் செய்த வேலை என்றாலும் ஒட்டு சுத்தமாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மூன்று தெருவுக்கு நம் செட்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இந்திராணி கொழுக்கட்டைத் தட்டோடு வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தாள். வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு ஸ்லீவுக்குள் ஃபிரேமை ஒட்டி ஓடுகின்றன. பார்த்தால் புது வண்டி என்பார்கள்.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. இனிமே நிக்காது."

"சீட்டு கீட்டெல்லாம் பிரிச்சீங்களா?"

"அங்க என்ன இருக்கு? வேலையெல்லாம் முன்னாடிதான்."

பின்சீட்டின் மேல் ஒரு தடவை கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல எனக்கும் வருகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

தரகர் போன் செய்தார். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் படிக்கப் போகக் கூடாதாம், வீட்டோடு இருந்து மில்லைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். நான் சரி என்றபோது இந்திராணி சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். தீக்குச்சி பற்றவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் புள்ள என்னங்க பாவம் பண்ணுச்சு" என்றாள். காலையில் ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும், பட்டுப்புடவையை எடுத்து வை என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பழம், பூ, வெற்றிலை பாக்குப் பையை டேங்க் மேல் மாட்டினேன். அவள் வழக்கம்போல இடது பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். வலது கை என் தோளில், இடது கை பின்னால் கம்பியில். கண்ணாடியை அவள் கை தெரிகிற மாதிரி முன்பே திருப்பி வைத்திருந்தேன். ஊரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டார்கள். நான் அணைக்கவில்லை. பக்கத்தில் பால்கேனோடு நின்றவர், "அணைச்சுருங்கண்ணே, ரயிலு வர நேரமாகும்" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் கை கம்பியிலிருந்து மெல்ல இறங்கிச் சீட்டுக்கு அடியில் போனது. டிக் என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். அப்புறம் விடாமல் டிக் டிக் என்று வந்துகொண்டே இருந்தது. என் தோளில் இருந்த கை இறுகியது.

மாட்டிக்கொண்டாள் என்று சந்தோஷப்படுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். சந்தோஷம் வரவில்லை. கிணற்றில் விழுந்தவள் படியைத் தேடுகிற மாதிரி அந்தக் கை தேடியது. என் வீட்டில், எனக்குப் பின்னால், இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறவள் கை அது. அந்தப் படியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டுக் கண்ணாடியில் வேடிக்கை பார்க்கிறவன் நான்.

கை நின்றது.

"ஏங்க."

"ம்."

"இந்த எடம் வேணாங்க."

எஞ்சினை அணைத்தேன்.

"புள்ள படிக்கட்டும். தெனமும் போன்ல அழுவுறா. இத நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். இப்பவும் சொல்றேன். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"சுவிட்சு வயர வெட்டிட்டேன்" என்றேன்.

தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். "தெரிஞ்சுபோச்சா" என்றாள்.

"வாயால சொல்லிருக்கலாம்ல?"

"நான் சொல்லி எதக் கேட்டீங்க? வண்டி சொன்னாக் கேட்டீங்க."

ரயில் போனது. அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது. கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், பால்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன். மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"எல்லாம் சரி. தனம் வீடு குடிபோனப்பவும் ஏன் அப்படிப் பண்ணின?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது நான் இல்லீங்க. சீர்ப் பாத்திரத்த மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிட்டிருந்தேன். அன்னிக்கு நெஜமாவே நின்னுச்சு. மெக்கானிக்கக் கூப்புடலாம்னு எவ்வளவோ சொன்னேன். சகுனத்துக்கு எதுக்குடி மெக்கானிக்குன்னீங்க."

டேங்குக்கு அடியில் நசுங்கிக் கிடந்த பனி விளக்கு வயர் கண்முன்னால் வந்தது. ஃபிரேமில் கருகிய தடம். அது உரசித்தான் அன்றைக்கு எஞ்சின் நின்றிருக்கிறது. நான் மாட்டிய விளக்கு, நான் சுற்றிய டேப். உட்கார்ந்துவிட்டேன், ரோட்டோரத்து மைல்கல்லின் மேல்.

தரகர் போன் வந்தது. "எங்க வர்றீங்க? மறுபடியும் வண்டி நின்னுருச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

அப்படிச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அதைவிடச் சுலபமான பதில் கிடையாது. இந்திராணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நல்லா இருக்குங்க. நாங்கதான் வரல" என்றேன். "எம் பொண்ணு படிக்கட்டும்."

அவர் என்னென்னவோ கத்தினார். வைத்துவிட்டேன்.

பழப்பை டேங்க் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே போவது என்று தெரியவில்லை. "எங்க போலாம்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே திக்கென்றது. கல்யாணம் ஆனதிலிருந்து இதை நான் அவளிடம் கேட்டதாக ஞாபகமே இல்லை.

"தோகைமலைக்குப் போங்க" என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். பழப்பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழியில் எங்கும் நிற்கவில்லை. தனம் வீட்டு வாசலில் சாவியை அணைத்தேன், விளக்கு எல்லாம் ஒன்றாக அணைந்தது. சத்தம் கேட்டுத் தனம் வெளியே வந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. என்னைப் பார்த்தாள், அண்ணியையும் பழத்தையும் பார்த்தாள், கடைசியில் வண்டியைப் பார்த்தாள்.

"ஏண்ணே, இன்னிக்கு வண்டி நிக்கலயா?" என்றாள்.

இந்திராணி என் பக்கம் திரும்பினாள். பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.